பத்து ஓம் மின்தடை

(பத்தாம் வகுப்பு மாணவி)

நாங்கள் மூவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இக்கட்டுரையைக் கையில் பேனா பிடித்து எழுதுகிறவள் ஒருத்திதான். ஆனாலும் ‘நான்’ என்று எழுதாமல் ‘நாங்கள்’ என்றே எழுதுவது என மூவரும் கூடிப் பேசி முடிவு செய்தோம். ஏன் அப்படி என்பது கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவைப் புதுவை மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் அன்றுதான் நம் ஊருக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. ரெயின்போ நகர் போன்ற இடங்களில் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. எங்கள் பகுதியில் மின்சாரம் போயிற்று. கைபேசிகளும் ஒவ்வொன்றாக உயிரை விட்டன.

எங்களில் ஒருத்தியின் தாத்தா வீடு முத்தியால்பேட்டையில் இருக்கிறது. (இப்போது மூவருக்குமே அவர் தாத்தாதான்.) அவர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இந்தியாவில் தந்திச் சேவையே நின்றுவிட்டது. தாத்தாவின் விரல் மட்டும் இன்னும் மேசைமேல் ‘கட்டுக் கடா’ என்று தட்டிக்கொண்டே இருக்கும்! அவர் அரசாங்க உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர். ‘ஹாம்’ என்றும் சொல்வார்கள். தேர்வு எழுதி, உரிமம் பெற்று, காசு பணம் எதிர்பாராமல், சொந்த வானொலிக் கருவியின் மூலம் மற்ற ஹாம்களுடன் பேசுகிறவர்கள் அவர்கள்.

அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கார் பேட்டரியில் ஓடும் தமது சிறிய கருவியில் தாத்தா அழைத்துக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்து எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. “நீங்கள் அழைப்பது தெரிகிறது. சொற்கள் புரியவில்லை. சக்தி போதவில்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, இடி இரைச்சலில் அது மூழ்கிப் போயிற்று. காலையில் தாத்தா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “நமக்கு ஒரு மின்பெருக்கி வேண்டும்.”

ஒரு சின்னப் பெட்டி புயலில் என்ன சாதித்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார், ஹாம் வானொலிக் குழு ஒன்றுடன் அந்தமானுக்குச் சென்றிருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம்களுடன் அந்தமானிலிருந்து பேசுவதுதான் அவர்கள் நோக்கம். 26-ஆம் நாள் காலை சுனாமி வந்தது. தொலைபேசிகள் ஊமையாகிப் போக, போர்ட் பிளேரிலிருந்து அவருடைய வானொலி பேசியது. ‘இன்னார் நலமாக இருக்கிறார்’ என்ற செய்திகள் அதன் வழியே கடல் கடந்து வீடுகளுக்குச் சேர்ந்தன. அதே காலையில் அதே கடல்தான் நம் புதுவைக் கரையிலும் காரைக்கால் கரையிலும் ஏறியது. காரைக்காலில் எத்தனை உயிர்கள் போயின என்பதை நம் பெற்றோர் அறிவார்கள். ஒரு பெண்மணி அன்று செய்த சேவையைத் தாத்தா சொல்லச் சொல்ல எங்களுக்கு உடல் சிலிர்த்தது.

தாத்தா இன்னொரு செய்தியும் சொன்னார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், ஹாம்களின் உலகப் பட்டியலில் நம் பிரெஞ்சிந்தியா ஒரு தனி நாடாகவே இருந்ததாம். அழைப்புக்குறி ‘எஃப்.என். 8’ என்று தொடங்குமாம். 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுவை இந்தியாவுடன் சேர்ந்தது. அதற்கு முந்திய நாளோடு அந்தக் குறியும் பட்டியலிலிருந்து நீங்கியது. நாங்கள் நாள்தோறும் நடக்கும் வீதிகளுக்கு வானத்திலும் ஒரு பழைய பெயர் இருந்திருக்கிறது என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது.

சரி, மின்பெருக்கிக்கு வருவோம். தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது, கண்ணில் புரை. “என் கை இனிமேல் சால்டரிங் அயனைப் பிடிக்காது, பிள்ளைகளா. கையும் கண்ணும் நீங்கள்தான், நான் வாய் மட்டும்” என்றார். 2025-ஆம் ஆண்டு கோடை விடுமுறை முழுவதும் எங்கள் பெற்றோர் அனுமதி தந்தார்கள். அறிவியல் ஆசிரியையான சிஸ்டரும், “முடிந்தால் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வையுங்கள்” என்று உற்சாகப்படுத்தினார்கள்.

தாத்தாவின் சிறிய கருவி ‘பிட்எக்ஸ்’ என்ற வரைபடத்தின்படி அவரே கட்டியது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்பவர், நம் நாட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாமான்களை வைத்தே கட்டும்படி அதை வடிவமைத்தார். அதில் ஒரு கம்பிச்சுருளைச் சுற்றத் தண்ணீர்க் குழாயின் வாஷரையே பயன்படுத்தலாம் என்றால் பாருங்களேன்! அக்கருவி 5 வாட் சக்திதான் தரும். அதை 25 வாட்டாக்குவது எங்கள் திட்டம்.

அலைவரிசை 7 மெகாஹெர்ட்ஸ். எஃப்.எம். வானொலி 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகிறது; அதைப் பார்க்க இது மிகக் குறைந்த அதிர்வெண். ஒவ்வோர் அலையும் ஏறத்தாழ 43 மீட்டர் நீளம். ஹாம்கள் ‘நாற்பது மீட்டர்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்த அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் பல நூறு கிலோமீட்டர் தாண்டும். அதிர்வெண்ணை இன்னும் வெகுவாகக் குறைத்தால் அலை கடல் நீருக்குள்ளும் ஓரளவு இறங்கும். நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்காக, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-ஆம் ஆண்டு முதல் நம் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் அப்படித்தான் இயங்குகிறது.

சாமான் சேர்க்கும் வேலை திருவிழா போல இருந்தது. வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் அலுமினியத் துண்டு காந்தி வீதி ஞாயிறு சந்தையில், ஒரு பழைய கணினியின் வயிற்றிலிருந்து கிடைத்தது. ஃபெரைட் வளையங்களும், ஐ.ஆர்.எஃப். 510 என்ற மாஸ்ஃபெட்டுகளும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தன. இந்த மாஸ்ஃபெட் வானொலிக்கென்று பிறந்ததல்ல. மின்சாரத்தை வேகமாக நிறுத்தித் திறக்கும் வேலைக்குப் பிறந்தது. விலை மலிவு என்பதால் உலகெங்கும் ஹாம்கள் அதைப் பிடித்து வானொலி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நாங்களும் இரண்டை எதிரெதிராக வைத்து, மைக்கா துண்டு இட்டு, அலுமினியத்தில் முறுக்கினோம்.

சோதனைக்கு ஏரியலைத் தொடவே கூடாது என்பது தாத்தாவின் கட்டளை. கோளாறான கருவியை ஏரியலில் கட்டினால் ஊரார் வானொலியெல்லாம் கெடும். எனவே 1000 ஓம் மின்தடைகள் 20-ஐப் பக்கவாட்டில் இணைத்து 50 ஓம் ஆக்கி, ஒரு பால்பவுடர் டின்னுக்குள் வைத்தோம். இதன் பெயர் ‘டம்மி லோடு’. அலை வெளியே போகாமல் இங்கேயே சூடாகி அடங்கிவிடும்.

முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் மீட்டர் முள் 2 ஆம்பியரைத் தாண்டிப் பாய்ந்தது. கருகிய வாடை. ஒரு மாஸ்ஃபெட் போயே போயிற்று! பயஸ் திருகை முழுவதும் இறக்கி வைக்காமல் சுவிட்சைப் போட்டது எங்கள் தவறு. அதை அப்போதே ஒப்புக்கொண்டோம். தாத்தா தூங்கப் போன பிறகு வேறு மாஸ்ஃபெட்டை மாற்றினோம். அப்போது அவசரத்தில் ஒரு காரியம் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

மறுநாள் திருகைக் கவனமாக இறக்கி வைத்துத்தான் தொடங்கினோம். அப்படியும் கோளாறு! மைக்கில் யாரும் பேசவில்லை. சிறிய கருவியைக்கூட இணைக்கவில்லை. பயஸை ஏற்றிக்கொண்டே போகையில் திடீரென்று மின்னோட்டம் குதித்தது. டம்மி லோடு சுடத் தொடங்கியது. ஒன்றும் ஊற்றாத பாத்திரம் தானாகப் பொங்கினால் எப்படி இருக்கும்?

தாத்தா பதறவில்லை. “வீட்டில் சாவி தொலைந்தால் எல்லா அறையையும் ஒன்றாகக் கலைத்துப் போடக் கூடாது. ஓர் அறையைத் தேடி முடி, கதவைச் சாத்து, பிறகு அடுத்த அறைக்குப் போ” என்றார். மூன்று விதிகள் தந்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றும் முன்னும் பின்னும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். மின்சாரம் உள்ளபோது ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

முதல் அறை, மின்வழங்கி. கார் பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்துச் சுமை கொடுத்தோம். 24 வோல்ட் சற்றும் தளரவில்லை. கதவைச் சாத்தினோம்.

இரண்டாவது அறை, டம்மி லோடு. மல்டிமீட்டரில் சரியாக 50 ஓம். சாத்தினோம்.

மூன்றாவது அறை, பயஸ். ஒரு பக்கத்தைத் துண்டித்துவிட்டு மறு பக்கத்தை மட்டும் மெல்ல ஏற்றினோம். இடப்பக்க மாஸ்ஃபெட் நல்ல பிள்ளையாக 100 மில்லி ஆம்பியருக்குப் படிப்படியாக ஏறி நின்றது. வலப்பக்கமோ 60 வரை ஒழுங்காக வந்து, திடீரென்று ஓர் ஆம்பியருக்குத் தாவியது. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: “ஏறியதா, குதித்ததா?” “குதித்தது தாத்தா!” “அப்படியானால் அது தானாகப் பாடுகிறது.”

தானாகப் பாடுவது என்றால் என்ன? நம் ஆண்டு விழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டுபோனால் ‘கூ’ என்று ஊளையிடுமே, அதுதான். வெளியே போன ஒலி மறுபடி உள்ளே நுழைந்து, பெருகி, மறுபடி வெளியேறுகிறது. மின்பெருக்கியும் அவ்வாறே தன் குரலைத் தானே கேட்டுக் கத்தும். காதுக்குத்தான் அது கேட்காது.

மாஸ்ஃபெட்டே கெட்டதோ என்று இரண்டையும் இடம் மாற்றினோம். கோளாறு மாஸ்ஃபெட்டோடு போகவில்லை; வலப்பக்கத்திலேயே தங்கிவிட்டது. ஆக, குற்றம் ஆளிடம் இல்லை, நாற்காலியிடம்! எர்த் கம்பிகளைக் குட்டையாக்கினோம். மின்வழங்கிக் கம்பியின் அருகே புதிய மின்தேக்கிகள் வைத்தோம். ஃபெரைட் வளையத்தில் கம்பியை அவிழ்த்து மறுபடி சுற்றினோம். ஒரு வாரம் ஓடிற்று. ஒவ்வொரு நாளும் நோட்டில் ‘பயன் இல்லை’ என்று எழுதினோம்.

அப்போதுதான் பாட்டி சமையலறையிலிருந்து சத்தம் போட்டார்: “ஏம்மா, நீங்க அந்தச் சனியனைப் போடுற நேரமெல்லாம் என் பாட்டு நின்னு போவுது!”

பாட்டியின் எஃப்.எம். ரேடியோ! நாங்கள் மறுபடி சுவிட்சைப் போட்டோம். 60 மில்லி ஆம்பியர் வரை பாட்டு. குதித்ததும் வெறும் ‘உஸ்’. இறக்கினோம்; பாட்டு மீண்டும் வந்தது. தாத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “7 மெகாஹெர்ட்ஸில் கத்துகிறது என்று நினைத்து ஒரு வாரம் ஏமாந்தோம். அது 100-ஐ ஒட்டிக் கத்துகிறது. இது கேட் பக்கத்து வேலை” என்றவர், எங்கள் பக்கம் திரும்பி, “கேட்டில் இரண்டு பக்கமும் பத்து ஓம் இருக்கிறதல்லவா?” என்று கேட்டார்.

“இருக்கிறது தாத்தா” என்றோம்.

அது பொய்.

முதல் நாள் இரவு நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறோம். எரிந்த மாஸ்ஃபெட்டைக் கழற்றும்போது அதன் கேட்டில் இருந்த பத்து ஓம் மின்தடையின் கால் முறிந்துவிட்டது. வீட்டில் வேறு இல்லை. எங்களில் ஒருத்தி அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்தாள். இன்னொருத்தி அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாமவள் நோட்டில் ‘மாஸ்ஃபெட் மாற்றப்பட்டது. மற்றவை சரி’ என்று எழுதினாள். கேட்டுக்குள் மின்னோட்டமே போவதில்லை என்று படித்திருந்தோம். ஓடாத மின்சாரத்துக்குப் பத்து ஓம் எதற்கு என்று மூவரும் சமாதானம் செய்துகொண்டோம். உண்மையில், தாத்தா தம் ஓய்வூதியத்தில் வாங்கித் தந்த பொருளை முதல் நாளே எரித்துவிட்ட பயம்தான் காரணம். கண் தெரியாத அவர் அந்த நோட்டை நம்பித்தான் ஒரு வாரம் யோசித்தார்.

அன்றிரவு மூவருக்கும் தூக்கம் வரவில்லை. காலையில் யாரும் யாரையும் அழைக்காமலே மூவரும் தாத்தா வீட்டு வாசலில் வந்து நின்றோம். அழுகையோடு சொல்லி முடித்தோம்.

தாத்தா சற்று நேரம் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பிறகு மேசையில் தடவி, பென்சிலை எடுத்து நீட்டினார். “முதலில் நோட்டில் எழுது. அந்தப் பழைய வரியை அழிக்காதே. ஒரு கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் எழுது. அப்புறம் பற்றவைக்கலாம்” என்றார்.

எழுதினோம். கடைக்கு ஓடிப் பத்து ஓம் மின்தடை வாங்கி வந்து பற்றவைத்தோம். பயஸைத் திருகினோம். 60, 70, 80... மூச்சை அடக்கிக்கொண்டோம். 100 மில்லி ஆம்பியரில் முள் அசையாமல் நின்றது. சமையலறையில் பாட்டியின் பாட்டு நிற்கவே இல்லை!

அந்தப் பத்து ஓமின் வேலையைத் தாத்தா விளக்கினார். கேட்டுக்குச் சிறிய மின்தேக்கியின் குணம் உண்டு; அதனோடு சேரும் கம்பிக்குச் சுருளின் குணம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஊஞ்சல். நேர்மின்சாரம் உள்ளே ஓடாவிட்டாலும், 100 மெகாஹெர்ட்ஸ் அளவில் மின்சாரம் அங்கே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். பத்து ஓம் என்பது ஊஞ்சலில் ஆடுகிறவள் காலைத் தரையில் உரசுவது போல. வீண் ஆட்டம் அடங்கிவிடும்.

பிறகு சிறிய கருவியை இணைத்தோம். டையோடும் மின்தேக்கியும் கொண்டு நாங்களே செய்த அளவியில், டம்மி லோடின் உச்ச மின்னழுத்தம் 50 வோல்ட் காட்டியது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்: 2500-ஐ 100-ஆல் வகுத்தால் 25 வாட்! வடிகட்டியையும் சரிபார்த்த பிறகுதான் தாத்தா ஏரியலுக்கு அனுமதி கொடுத்தார். மொட்டை மாடியில் பக்கத்துக்குப் பத்து மீட்டராக இரண்டு கம்பிகள், அதுதான் ஏரியல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் தாத்தா அழைத்தார். கோயம்புத்தூரிலிருந்து பதில் வந்தது. தாத்தா முதலில் 5 வாட்டிலும் பிறகு 25 வாட்டிலும் பேசி, வித்தியாசம் கேட்டார். “மீட்டரில் ஒரு படிக்குச் சற்று மேல் ஏறியிருக்கிறது” என்றார் அந்த நண்பர். எங்களுக்குச் சப்பென்று போய்விட்டது. ஐந்து மடங்கு சக்தி, ஒரு படிதானா? ஆமாம், மீட்டரில் ஒவ்வொரு படிக்கும் நான்கு மடங்கு சக்தி வேண்டும். தாத்தா சிரித்தார். “புயல் ராத்திரியில் அந்த ஒரு படி இல்லாமல்தானே என் சொல் அவருக்குப் புரியவில்லை?”

உரிமம் இல்லாததால் நாங்கள் மைக்கில் பேசவில்லை, பேசவும் கூடாது. பொதுத் தேர்வு முடிந்ததும் மூவரும் ஹாம் தேர்வுக்குப் படிக்கப் போகிறோம். பாட்டி இப்போதே எங்களுக்கு மேசையில் தட்டித் தட்டித் தேநீர் கேட்கப் பழக்குகிறார்!

அறிவியல் கண்காட்சியில் மின்பெருக்கியை வைத்தோம். பக்கத்தில் எதை வைப்பது என்று சிஸ்டரிடம் கேட்டோம். அவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அந்தப் பக்கத்தையே திறந்து வைத்தார்கள். ‘மற்றவை சரி’ என்ற வரிமேல் ஒரு கோடு, பக்கத்தில், ‘சரியில்லை. வலப்பக்கக் கேட்டில் மின்தடைக்குப் பதில் கம்பி வைத்தோம். சொல்லாமல் மறைத்தோம்.’ கீழே மூன்று கையெழுத்துகள்.

கம்பியை வைத்தது யார் என்று கண்காட்சிக்கு வந்த எல்லாரும் கேட்டார்கள். நாங்கள்தான்.